ராக்கெட்டுக்கு எரிவாயு, எனக்குச் சவுக்கு விறகு

காஞ்சிபுரத்தில் எங்கள் சாயப்பட்டறைக்கு முதல் நோட்டீஸ் வந்த அன்று அண்டாவில் அரக்கு நிறம் கொதித்துக்கொண்டிருந்தது. அரக்கு கொதிக்கும்போது யார் வந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பட்டு நூல் தொங்கும் கழியைக் கை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அசந்தாலும் நூலில் திட்டுத் திட்டாக நிறம் ஏறிவிடும். ஆகவே சுற்றுச்சூழல் அதிகாரி என் முதுகுக்குத்தான் நோட்டீஸைப் படித்துக் காட்டினார். பட்டறைக் கூரை வழியாகக் கரும்புகை வெளியேறுகிறது, விறகை விட்டுவிட்டுச் சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டும், மூன்று மாதம் அவகாசம், தவறினால் பூட்டி சீல் வைக்கப்படும். படித்து முடித்ததும் அவர் இருமினார். அடுப்படியில் உட்கார்ந்திருந்த என் கணவரும் இருமினார்.

“பாத்தீங்களா சார், நீங்க இன்னிக்குச் சொல்றத அவரு நாலு வருஷமா சொல்லிக்கினு இருக்காரு” என்றேன்.

உண்மையும் அதுதான். எங்கள் பட்டறையில் நூலும் நிறமும் என் பொறுப்பு, நெருப்பு அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து மூன்று செப்பு அண்டாக்களுக்கும் சவுக்கு விறகு தள்ளியவர் அவர். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நெஞ்சில் புகை தங்கிவிட்டது, அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆள் வைத்து விறகு தள்ளினால் அந்த ஆளுக்கும் அதே நெஞ்சுதானே என்று இவர் கேட்டார். கடைக்கு வாங்கும் சிலிண்டரை வைத்து மூன்று அண்டாவைக் கொதிக்கவைக்க எங்கள் கூலிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சுத்தமான எரிபொருள் வேண்டும் என்று அந்த அதிகாரியைவிட நான்தான் அதிகம் தவித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கழியை உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். “மாறச் சொல்றீங்களே, மாறத்துக்கு கவர்மெண்ட்ல எதனா ஒத்தாசை இருக்குதா சார்?”

அதிகாரி நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி, முழங்கால் வலி வேறு. பையிலிருந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒரு தாளில் அவர் முகம் மலர்ந்தது.

“இருக்குதும்மா. சுத்தமான எரிபொருளுக்கு மாறுறவங்களுக்கு அனுமதிக் கட்டணத்துல சலுகை, வரிசையில முன்னுரிமை, எல்லாமே இருக்குது.” இன்னும் இரண்டு வரி படித்தார். முகம் பழையபடி ஆனது. “ஆனா இது ராக்கெட்டுக்கும்மா.”

நான் சிரிக்கவில்லை என்றால் பொய். அவரும் சிரித்தார். பிறகு நோட்டீஸின் நகலில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். போகும்போது மட்டும் ஒரு சேதி சொன்னார். ராக்கெட் விடும் கம்பெனி ஒன்று ஓரிக்கைக்கு அந்தப் பக்கம் சாண எரிவாயு ஆலை கட்டி முடித்துத் திறக்கப்போகிறது, வரும் ஞாயிறு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள், அங்கே போய்க் கேளும்மா, பட்டறைகளுக்கும் குழாய் விடுவதாகப் பேச்சு.

போனேன். மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் ஆள் உயர அட்டை ராக்கெட்டை நிறுத்தி, கழுத்து எது என்று தெரியாமல் நடுவில் மாலை போட்டிருந்தார்கள். பொங்கலும் வடையும் முதல் பந்தி முடிந்ததும்தான் கருத்துக் கேட்கவே ஆரம்பித்தார்கள். சாப்பிட்ட வாயால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று கம்பெனிக்கு யாரோ சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கம்பெனி சார்பில் பேசியது ஓர் இளம் பெண் இன்ஜினியர். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. பழைய மாதிரி ராக்கெட் மண்ணெண்ணெய் வகையை எரிக்கிறது, அது கரியைக் கக்குகிறது. இவர்களுடையது மீத்தேனை எரிக்கும், கரி மிகக் குறைவு. அந்த மீத்தேனையும் பூமியிலிருந்து தோண்டாமல் சாணம், வாழை இலை, ஓட்டல் மிச்சம், கோயில் மாலை எல்லாவற்றையும் நொதிக்கவைத்து எடுப்பார்கள். அப்படி எடுத்தால் புது விதியின்படி சலுகை. திரையில் பழைய ராக்கெட்டின் புகையைக் காட்டினாள். கறுப்பு, தடிப்பு, சுருள் சுருளாக. அப்படியே எங்கள் வீட்டுக் கூரை.

“கீழ வர்ற கரியை மழை கழுவிடும் ஆன்ட்டி,” என்று முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தே விளக்கினாள். “ஆனா அவ்ளோ ஹைட்ல மழையே கிடையாது. அங்க போன கரி வருஷக்கணக்கா அங்கயே நிக்கும். அதான் ப்ராப்ளம்.”

நான் எழுந்தேன். “எங்க பட்டறைக்குள்ளயும் மழை பெய்யாதும்மா. கரி வருஷக்கணக்கா என் வூட்டுக்காரரு நெஞ்சுலயே நிக்குது. அதுக்கு எந்த விதியில சலுகை?”

மண்டபம் கை தட்டியது. அந்தப் பெண்ணும் தட்டினாள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆலையைச் சுற்றியுள்ள சாயப்பட்டறைகளுக்கு ‘அக்கம்பக்கப் பங்கு’ என்று கொஞ்சம் வாயு ஒதுக்கியிருப்பதாகவும், எங்கள் பட்டறைக்கு முதல் குழாய் என்றும் மைக்கிலேயே சொன்னாள். நான் இரண்டாவது வடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு எங்கள் தெரு அடைந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். சாணம் கொடுக்கும் வீட்டுக் கதவில் எல்லாம் ‘விண்வெளிப் பங்காளி’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எதிர்வீட்டில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றும் பெண்மணி அதுவரை தலை குனிந்து சாணம் அள்ளுவாள். இப்போது வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி அள்ளினாள்.

“இன்னாக்கா, என் மாடு போடறது ஆகாசத்துக்குப் போவுதாமே!”

“போவட்டும்மா. நாம போவ முடியாத எடத்துக்கு அதுனா போவட்டும்” என்றேன்.

மண்டபங்களில் எச்சில் இலையை எடுக்க வரும் வண்டியில்கூட ராக்கெட் படம். வரதட்சணை கேட்கலாமா வேண்டாமா என்று வெளியில் வெட்கப்படும் பெரிய வீடுகள், எங்கள் கல்யாணத்து இலையெல்லாம் விண்வெளிக்குத்தான் என்று பத்திரிகையிலேயே அச்சடித்தன. சாமிக்குச் சாற்றிய மாலை ராக்கெட்டில் எரியலாமா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. மேலேதானே போகிறது, சாமியும் மேலேதானே இருக்கிறார் என்று சமாதானம் ஆனது.

எங்களுக்குக் குழாய் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அண்டாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, குமிழைத் திருகினேன். நீல நெருப்பு சத்தமில்லாமல் அண்டாவின் அடியைப் பிடித்தது. அன்றைக்குத்தான் எங்கள் பட்டறையின் உத்திரம் என்ன மரம் என்பதையே நான் பார்த்தேன், அதுவரை புகை பார்க்க விட்டதில்லை. என் கணவர் வேலையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். பட்டப்பகலில், பட்டறைக்குள், ஒரு இருமல் இல்லாமல். கழியைப் பிடித்தபடியே நான் அழுதேன். நூலில் நாலு சொட்டு விழுந்திருக்கும், ஊதா நிறம், தெரியவில்லை.

அந்தச் சுகம் பதினோரு நாள் நீடித்தது. அதைக் கெடுத்தவள் நான்தான்.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் மூட்டிய அடுப்பைக் கடைசி நூல் இறங்கும்வரை அணைக்க மாட்டோம். ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் ஏறும்வரை, சாப்பாட்டு வேளையில், ஆள் வெளியே போனாலும், அண்டா சூடாகவே இருக்க வேண்டும். ஆறிய அண்டாவில் ஏற்றிய நிறம் நிற்காது என்று என் மாமியார் காலத்துப் பேச்சு. விறகில் இதற்குச் செலவே இல்லை. தணல் அதுபாட்டுக்குக் கனன்றுகொண்டிருக்கும். நான் எரிவாயுவையும் தணல் என்றே நினைத்துக்கொண்டேன். நூல் அலசப் போனபோதும், சோறு தின்றபோதும், வாலாஜாபாத்துக்குத் துக்கம் கேட்கப் போன ஒரு மதியம் முழுவதும், மூன்று அண்டாவுக்கு அடியிலும் நீல நெருப்பு வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. சுவரில் மீட்டர் என்று ஒன்று மாட்டியிருந்தார்கள். அதை நான் கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் இன்ஜினியர் பெண் வந்தாள். மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, மாசத்துப் பங்கு முழுக்க முடிஞ்சிடுச்சு. ஓவராவும் போயிடுச்சு.”

“அடுத்த மாசத்துல கழிச்சிக்கோம்மா.”

“அப்படிப் பண்ண முடியாது ஆன்ட்டி. உங்க பங்குக்கு மேல போனது ராக்கெட் கேஸ். ராக்கெட்டுக்குன்னு காட்டின கேஸ் வேற எதுக்காச்சும் போனா, சுத்த எரிபொருள் சலுகை மொத்தமும் கேன்சல் ஆயிடும். ரூல் அப்படி. இன்ஸ்பெக்‌ஷன் முடியறவரைக்கும் லைனை க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டாங்க.”

இனிமேல் அணைத்து அணைத்துப் பற்றவைக்கிறேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிற ஜாதி இல்லை, தெருவே சொல்லும். அவளுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வால்வை மூடி, அதில் ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டாள். அன்று மாலை என் கணவர் விறகுக் கட்டை அவிழ்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “வுடும்மா, பழக்கதோஷம்” என்றார். எனக்கு என்னை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனபோது, ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக் கரையில் ஒரு நெருப்பு தெரிந்தது. ஆலையில் உயரமான குழாய் ஒன்று நிற்கும், அதன் உச்சியில். முதலில் விபத்து என்று நினைத்துப் பதறினேன். மறுநாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும். எதிர்வீட்டுப் பால்காரி விசாரித்துக்கொண்டு வந்தாள். ராக்கெட் இன்னும் தயாராகவில்லையாம். வாயு மட்டும் நிறைந்துகொண்டே வருகிறதாம். வைக்க இடமில்லை, வெறுமனே காற்றில் விட்டால் பெரிய கெடுதல், அதனால் உச்சியில் வைத்து எரித்துவிடுகிறார்களாம்.

“நம்ம சாணிதான்க்கா அது. பாரு, எவ்ளோ ஒயரத்துல எரியுது” என்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் கீழே இறங்கி ஒரு குட்டியானை வண்டியைக் கூப்பிட்டேன். மூன்று அண்டாக்களில் சின்னதை ஏற்றினேன். நூலையும் கழியையும் சாயப்பொடியையும் ஏற்றினேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். ஆலை வாசலில் இறங்கி, காவலாளியிடம் இன்ஜினியர் அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

அவள் ஓடிவந்தாள். “என்ன ஆன்ட்டி, அண்டாவோட?”

“நீங்க எரிக்கிறது எரிச்சிக்கினுதானே இருக்கீங்க. அத்த கொஞ்சம் கீழ எறக்குங்க. மேல என் அண்டாவ வெச்சிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் கொறையாது.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, விதியை எனக்காகத் தேடிப் படித்தாள். அது பாதுகாப்புக்காக எரிப்பது. பாதுகாப்புக்காக எரித்தால் இழப்பு என்று எழுதலாம், சலுகைக்குப் பாதகமில்லை. அதன்மேல் அண்டா வைத்தால் பயன்பாடு ஆகிவிடும். பயன்பாடு என்றால் வேறு வேலைக்குத் திருப்பியதாக அர்த்தம். சலுகை போய்விடும்.

“அப்போ சும்மா எரிஞ்சா சுத்தம், சோறு போட எரிஞ்சா அசுத்தம். அப்படித்தானே?”

“ரூல் படிச்சா அப்படித்தான் வருது ஆன்ட்டி” என்றாள். மிகவும் நேர்மையான பெண். விதியை எழுதியவர்களும் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார்கள். ராக்கெட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் யோசித்திருக்கிறார்கள். கீழே அண்டாவோடு ஒருத்தி வந்து நிற்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்டாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன், வண்டிக்காரர் வழி முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

மூன்று மாதக் கெடு முடிய நான்கு நாள் இருந்தபோது அதே பெண் பட்டறைக்கு வந்தாள். இந்த முறை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. ராக்கெட் கிளம்பத் தேதி வந்துவிட்டது. கிளப்புவதற்கு முன்பு அதன் மூக்கில் சுற்ற ஒரு மஞ்சள் பட்டுத் துணி வேண்டும். கோயிலில் வைத்துப் பூஜை செய்துதான் கொண்டுபோவார்கள். நெசவை ஒரு வீட்டில் சொல்லியாகிவிட்டது, சாயம் ‘விண்வெளிப் பங்காளி’ கையால்தான் போட வேண்டும் என்று கம்பெனியில் எல்லாரும் விரும்புகிறார்கள்.

“போடறேம்மா. எத்த வெச்சிக் கொதிக்க வெக்கறது?”

அவள் சிவப்புப் பூட்டைப் பார்த்தாள். “அது... உங்க ப்ராசஸ் ஆன்ட்டி. அதுல நாங்க தலையிட மாட்டோம்.”

அந்தத் தட்டை அவள் மேலேயே கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் என்றால் எனக்கு ஒரு கர்வம் உண்டு. காஞ்சிபுரத்தில் என் மாம்பழ மஞ்சளைப் போல இன்னொருவர் போட்டுவிடட்டும் பார்க்கலாம். அது மேலே போகிறது என்றால் நாலு பேர் டிவியில் பார்ப்பார்கள். இன்னும் நாலு நாளில் பட்டறைக்குப் பூட்டு. கடைசியாகப் போடும் நிறம் நல்ல நிறமாக இருக்கட்டுமே என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

மழை பெய்து விறகு நனைந்திருந்தது. கெடு முடிந்த நாள் காலையில் மஞ்சள் அண்டாவை ஏற்றினோம். ஈர விறகு கக்கிய புகை கூரையைப் பொத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனது. சரியாக அந்த நேரத்தில் அதிகாரி வந்தார், கையில் பூட்டு, சீல் வைக்கும் அரக்கு, நூல் எல்லாவற்றோடும். வாசலிலேயே நின்று இருமினார். உள்ளே இவர் இருமினார். இரண்டு பேரும் பழைய சிநேகிதர்கள் போல மாற்றி மாற்றி இருமிக்கொண்டார்கள்.

“மூணு மாசம் டைம் குடுத்தேனேம்மா. இன்னிக்குனு பாத்து இவ்ளோ பொகையா? இன்னாதான் கொதிக்குது உள்ள?”

“ராக்கெட்டுக்குத் துணி சார்” என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவர் பூட்டைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினார். “எந்த ராக்கெட்டு?”

“அதான் சார், சுத்தமான எரிபொருள் ராக்கெட்டு.”

தெருவோரம் போய் யாருக்கோ போன் செய்தார். “ஆமா சார்... ஆமா, அந்த கம்பெனிதான்... இல்ல சார், சீல் இன்னும் ஒட்டல சார்” என்பது மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பி வந்து பூட்டையும் அரக்கையும் பைக்குள் போட்டார். “முடிச்சிடும்மா. நல்லபடியா முடி. நான் இன்னிக்கு இந்தப் பக்கம் வரல” என்றார். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தத் தேதியில் ராக்கெட் கிளம்பவில்லை. அடுத்த தேதி குறித்தார்கள். ஒருமுறை பூஜையில் வைத்த துணியை மறுபடி வைக்கக் கூடாது என்று கோயிலில் சொல்லிவிட்டதால் புதுத் துணிக்கு எனக்குப் புது ஆர்டர். அந்தத் தேதியும் தள்ளிப்போனது. இன்னொரு துணி. அதிகாரி மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று வாசலில் ஒரு கரும்பலகை தொங்கவிட்டு, ‘ராக்கெட் ஆர்டர் நடைபெறுகிறது’ என்று எழுதிவைத்தேன். பலகைக்குப் பின்னால் கல்யாணப் புடவைக்கு அரக்கும் கிளிப்பச்சையும் கொதிக்கின்றன. அவர் பலகையைப் படிப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். பட்டறை பிழைத்துவிட்டது. தெருவில் என்னைச் சாமர்த்தியக்காரி என்கிறார்கள்.

கம்பெனியின் சோதனை இன்னும் முடியவில்லை, குழாயில் சிவப்புப் பூட்டு அப்படியே இருக்கிறது. பாலாற்றுக் கரையில் நெருப்பும் அப்படியே எரிகிறது.

நேற்று மழைச்சாரலில் பலகையின் எழுத்து அழிந்துவிட்டது. நான் அண்டாவை விட்டு வர முடியவில்லை. என் கணவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ‘ராக்கெட்’ என்ற ஒரு வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார்.